விமான இன்ஜின் புகையை அளப்பது எப்படி? சாங்கிக் கரையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் விமான நிலையத்தை ஒட்டிய சாங்கி கடற்கரைப் பூங்காவில் மாணவர் குழுக்களோடு சில ஆண்டுகளாக இந்த அளவீட்டைச் செய்து வருகிறேன். புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடங்கள் ஆண்டுதோறும் அதே இடங்கள்தான். பிழை பெரும்பாலும் கருவியில் இருப்பதில்லை, வேலையின் வரிசையில் இருக்கிறது. கருவியை வாங்கிய பிறகு கேள்வியைத் தேடுகிறார்கள். அளந்து முடித்த பிறகு காற்று எந்தப் பக்கம் வீசியது என்று யோசிக்கிறார்கள். அதனால் இதை வரிசை தப்பாமல் படியுங்கள்.

1. கேள்வியை முதலில் எழுதுங்கள்

விமானப் புகையைப் பற்றி மூன்று வேறு கேள்விகள் உண்டு. ஒரு கிலோ எரிபொருளை எரிக்கும்போது இன்ஜின் எவ்வளவு மாசை வெளியேற்றுகிறது என்பது ஒன்று. தரையில் இருப்பவர் எதைச் சுவாசிக்கிறார் என்பது இரண்டாவது. 10, 12 கிலோமீட்டர் உயரத்தில் அந்தப் புகை வளிமண்டலத்தை என்ன செய்கிறது என்பது மூன்றாவது.

கரையில் வைக்கும் கருவி முதல் இரண்டுக்குத்தான் பதில் தரும். மூன்றாவதற்குக் கணக்கும் வானிலைத் தரவும் வேண்டும். தரையில் அளந்த எண்ணை அப்படியே புவி வெப்பமடைதலோடு முடிச்சுப் போடும் அறிக்கைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த முடிச்சு நிற்காது. ஏன் என்பதை 9ஆம் பகுதியில் சொல்கிறேன்.

2. தேவையானவற்றைச் சேருங்கள், கரியமில வாயு மானி முதலில்

எல்லாவற்றுக்கும் முன்னால் கரியமில வாயுவை அளக்கும் கருவி வேண்டும். பலர் இதைக் கடைசியில் நினைக்கிறார்கள், சிலர் நினைப்பதே இல்லை. புகை உங்களை அடைவதற்குள் காற்றோடு எத்தனை மடங்கு கலந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. ஆனால் கரியமில வாயுவும் அதே அளவுக்குத்தான் கலந்திருக்கும். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வரும். எந்த இன்ஜினாக இருந்தாலும் இது ஏறக்குறைய மாறாது. எனவே எத்தனை கிராம் எரிபொருளின் புகை கருவிக்குள் போனது என்பதை இந்த வாயுவே காட்டிக் கொடுக்கிறது. அது இல்லாமல் எடுத்த மற்ற எண்களை இன்னொரு நாளின் எண்ணோடு ஒப்பிட வழியில்லை.

வகுப்பறைக் காற்றைச் சோதிக்கும் மலிவான உணரி இதற்கு ஆகாது. அதன் பிழையே 30 முதல் 50 பிபிஎம் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு). நீங்கள் தேடும் உயர்வோ சில பிபிஎம்தான். வினாடிக்கு ஒரு முறை பதிவு செய்து, 1 பிபிஎம்முக்கும் குறைவான மாற்றத்தைக் காட்டும் அகச்சிவப்புக் கருவி வேண்டும்.

அடுத்தது துகள் எண்ணி. இங்கேதான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. கையடக்க பிஎம் 2.5 (2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட நுண்துகள்) உணரியை எடுத்துக்கொண்டு வந்து, விமானம் பறந்தும் எண் அசையவில்லை என்று ஏமாந்து போகிறார்கள். அந்த உணரி ஒளிச்சிதறலால் இயங்குவது. சுமார் 300 நானோமீட்டருக்குக் கீழே உள்ள துகள் அதன் கண்ணுக்குத் தெரியாது. ஜெட் இன்ஜின் துகள்களில் பெரும்பாலானவை 10 முதல் 100 நானோமீட்டருக்குள் இருப்பவை. எடை பார்த்தால் ஒன்றுமில்லை, எண்ணிக்கையில் ஏராளம். பியூட்டனால் ஆவியைத் துகள்மேல் படியவிட்டு, அதைப் பெரிதாக்கி எண்ணும் ஒடுக்கத் துகள் எண்ணிதான் இதற்கு வேண்டும். விலை மிக அதிகம் என்பதால் வாங்க முயலாமல் பல்கலைக்கழக ஆய்வகத்திலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ இரவல் கேளுங்கள்.

நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு வேதி ஒளிர்வு முறையில் இயங்கும் கருவி சரியானது. நைட்ரஜன் டை ஆக்சைடை மட்டும் அளப்பதோடு நிற்காதீர்கள். இன்ஜின் முழு விசையில் ஓடும்போது பெரும்பகுதி நைட்ரிக் ஆக்சைடாகவே வெளிவருகிறது. வரும் வழியில் அது ஓசோனோடு சேர்ந்து டை ஆக்சைடாக மாறிக்கொண்டே இருக்கிறது. இரண்டையும் கூட்டிய தொகைதான் வழியில் மாறாமல் இருக்கும்.

இவற்றோடு ஒரு காற்றுமானி, விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் அடையாளத்தையும் உயரத்தையும் பிடிக்கும் சிறு ஏற்பி, போதுமான மின்கலங்கள். ஜெனரேட்டர் வேண்டாம். அதன் புகையைத்தான் அளந்துகொண்டு திரும்புவீர்கள்.

அனுமதியைப் பற்றி ஒரு வார்த்தை. பூங்காவில் கருவிகளை நிறுவும் முன் தேசியப் பூங்காக் கழகத்திடம் கேட்டுவிடுங்கள். ட்ரோனில் கருவியைக் கட்டிப் புகைக்குள் அனுப்பலாமே என்று ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் கேட்பார். விமான நிலையத்திலிருந்தும் விமானத் தளங்களிலிருந்தும் 5 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடக் கூடாது. சாங்கிக் கரை முழுவதும் அந்த எல்லைக்குள் வருகிறது. அந்த யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

3. வீட்டிலேயே கணக்கிட்டுப் பாருங்கள்

கரைக்குப் போகும் முன் என்ன எண் வரவேண்டும் என்ற மதிப்பு கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்து மடங்கு பிழையான முடிவைக்கூட நம்பிவிடுவீர்கள்.

அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் இன்ஜின் உமிழ்வுத் தரவுத்தளம் இலவசமாகக் கிடைக்கிறது. 26.7 கிலோநியூட்டனுக்கு மேல் உந்துவிசை கொண்ட ஜெட் இன்ஜின்களைச் சோதனை மேடையில் ஓட்டி, வெளியேறும் முனைக்கு மிக அருகில் மாதிரி எடுத்து, சூடேற்றிய குழாய் வழியாகக் கருவிக்குக் கொண்டுபோய் அளந்த எண்கள் அவை. குழாயைச் சூடேற்றுவது எரியாத ஹைட்ரோகார்பன்கள் உள்சுவரில் படியாமல் இருப்பதற்காக.

தரையிலிருந்து 3,000 அடி உயரம் வரையிலான பயணத்தை அந்த அமைப்பு நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறது. புறப்பாடு 100 விழுக்காட்டு விசையில் 0.7 நிமிடம், ஏற்றம் 85 விழுக்காட்டில் 2.2 நிமிடம், இறங்குமுகம் 30 விழுக்காட்டில் 4 நிமிடம், தரையோட்டம் 7 விழுக்காட்டில் 26 நிமிடம்.

கணக்கு முறையைக் காட்ட, இரண்டு இன்ஜின் கொண்ட நடுத்தர விமானம் ஒன்றுக்கு தோராயமாக்கிய எண்களை எடுத்துக்கொள்கிறேன். ஓர் இன்ஜின் புறப்பாட்டில் வினாடிக்கு 1.2 கிலோ எரிபொருளும், ஏற்றத்தில் 1 கிலோவும், இறங்குமுகத்தில் 0.34 கிலோவும், தரையோட்டத்தில் 0.11 கிலோவும் எரிக்கிறது. ஒரு கிலோ எரிபொருளுக்கு நைட்ரஜன் ஆக்சைடுகள் முறையே 29, 22, 11, 4.5 கிராம்.

புறப்பாடு 42 வினாடி என்பதால் சுமார் 50 கிலோ எரிபொருள், 1.46 கிலோ நைட்ரஜன் ஆக்சைடு. ஏற்றத்தில் 132 கிலோவும் 2.9 கிலோவும். இறங்குமுகத்தில் 82 கிலோவும் 0.9 கிலோவும். தரையோட்டத்தில் 172 கிலோவும் 0.77 கிலோவும். இரண்டு இன்ஜினுக்கும் சேர்த்து எரிபொருள் 870 கிலோ, நைட்ரஜன் ஆக்சைடு 12 கிலோ, கரியமில வாயு 2,750 கிலோ.

இந்தக் கணக்கைச் சற்று நேரம் பாருங்கள். தரையோட்டம் எரிபொருளில் ஏறக்குறைய 40 விழுக்காட்டை விழுங்குகிறது. நைட்ரஜன் ஆக்சைடில் அதன் பங்கு 13 விழுக்காடுதான். கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பன்களும் இதற்கு நேர்மாறாக, பெரும்பாலும் தரையோட்டத்தில்தான் வருகின்றன. எரியறை சூடேறினால் நைட்ரஜன் ஆக்சைடு பெருகும், சூடு குறைந்தால் எரிதல் முழுமை பெறாது. இதைப் புரிந்துகொண்டவர் கரையில் வரும் எண்ணைப் பார்த்தே விமானம் எந்தக் கட்டத்தில் இருந்தது என்று சொல்லிவிடுவார்.

இந்தப் படியில் இரண்டு தவறுகளைக் கவனியுங்கள். 26 நிமிடத் தரையோட்டம் என்பது விதிமுறைக்கான எண்; உங்கள் ஏற்பி பதிவு செய்த நேரத்தையே போடுங்கள். மேலும், விமான வகையை வைத்து இன்ஜினை முடிவு செய்யாதீர்கள். ஏர்பஸ் எ320நியோ இரண்டு வேறு நிறுவனங்களின் இன்ஜின்களில் ஏதாவது ஒன்றோடு பறக்கும். பதிவெண்ணைத் தேடி உறுதி செய்துகொள்ளுங்கள்.

4. இடத்தைக் காற்று முடிவு செய்யட்டும்

சாங்கியின் ஓடுபாதைகள் ஒருபுறம் 02 என்றும் மறுபுறம் 20 என்றும் எண்ணிடப்பட்டவை. விமானங்கள் காற்றை எதிர்த்தே இறங்கும், ஏறும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் 20ஆம் திசை, அதாவது தெற்கு நோக்கி. அப்போது விமானங்கள் வடக்கிலிருந்து கடற்கரைப் பூங்காவைத் தாழ்வாகக் கடந்து இறங்குகின்றன. புறப்படும் விமானங்களும் ஓடுபாதையின் வடமுனையிலிருந்துதான் ஓடத் தொடங்குகின்றன. தெற்கிலிருந்து வரும் காற்று அந்தப் புகையை உங்கள் பக்கம் கொண்டுவருகிறது. அளப்பதற்கு இதுவே காலம்.

டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை காற்று வடகிழக்குக் கடலிலிருந்து வருகிறது. அதே இடத்தில் நின்றால் விமானப் புகை உங்களுக்கு எதிர்த்திசையில் போகும். அதற்காக அந்த மாதங்களை வீணாக்காதீர்கள். விமானப் புகை இல்லாதபோது அந்த இடத்தின் காற்று எப்படி இருக்கிறது என்பதைப் பதிவு செய்ய அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

இரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் காற்று மெலிந்து திசை மாறிக்கொண்டே இருக்கும். பிற்பகலில் இடிமழை வரும். அப்போது போகாமல் இருப்பதே நல்லது.

தென்மேற்குப் பருவத்தில் புகைமூட்டமும் வரலாம். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் ஒரு மணிநேர பிஎம் 2.5 அளவை முதல் நாளும் அன்று காலையும் பாருங்கள். அளவு உயர்ந்திருந்தால் வேறு நாள் வையுங்கள். மிதக்கும் பெரிய துகள்கள் நுண்துகள்களைத் தம்மேல் ஒட்டிக்கொள்ளும், எண்ணிக்கை குறைவாகத் தெரியும்.

வார இறுதியைத் தவிருங்கள். பூங்காவில் இறைச்சி சுடும் அடுப்புகள் உண்டு, அவற்றின் கரிப்புகையை எண்ணி வேறுபடுத்திப் பார்க்காது. புலாவ் உபின் தீவுக்குப் போகும் படகுகளும் டீசல் புகை விடுகின்றன. படகு எப்போது கடந்தது என்பதைக் குறித்து வைக்க ஒருவரை உட்கார வையுங்கள்.

5. கருவிகளை நம் ஊர் ஈரத்துக்குத் தயார்படுத்துங்கள்

வெளிநாட்டுக் கையேடுகளில் இந்தப் பகுதி இருக்காது. இங்கே இதுதான் பாதி வேலை.

குளிரூட்டிய ஆய்வகத்திலிருந்து கருவியை நேராகக் கரைக்குக் கொண்டுபோய் இயக்கினால், உள்ளே பனி படியும். கண்ணாடிப் பாகங்களில் நீர்த்திவலை பூத்துவிட்டால் அன்றைய நாள் போயிற்று. மூடிய பெட்டியிலேயே வைத்து, வெளி வெப்பத்துக்கு வரும்வரை ஒரு மணி நேரம் காத்திருங்கள்.

துகள் எண்ணியின் குளிர்ந்த பகுதியில் காற்றின் ஈரம் ஒடுங்கி பியூட்டனாலோடு கலந்துகொண்டே இருக்கும். நீர் கலந்தால் துகள் சரியாக வளராது, எண்ணிக்கை மெல்ல மெல்லக் குறையும். காலையில் பியூட்டனாலை மாற்றுங்கள். உள்வாயிலில் ஈரம் நீக்கும் குழாய் இருந்தால் இணையுங்கள். பியூட்டனால் தீப்பற்றும் திரவம், வாடையும் கடுமை. காரின் மூடிய பின்பெட்டியில் வெயிலில் விட்டுச் செல்லாதீர்கள்.

குழாய்த் தேர்வும் முக்கியம். நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு டெஃப்லான், துகள்களுக்குத் துருப்பிடிக்காத எஃகு அல்லது தாமிரம். சாதாரண பிளாஸ்டிக் குழாயில் மின்னேற்றம் ஏறித் துகள்கள் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் மிகச் சிறிய துகள்தான் முதலில் சுவரில் தொலைகிறது.

6. கடிகாரங்களை ஒன்றாக்கி, எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிடுங்கள்

6 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள 3 மீட்டர்க் குழாயில் நிமிடத்துக்கு 1 லிட்டர் காற்று இழுத்தால், அது கருவியை அடைய 5 வினாடி ஆகும். துகள் எண்ணி உடனே துள்ளும். நைட்ரஜன் ஆக்சைடு கருவி பல வினாடிகள் தாமதித்து மெதுவாக ஏறும். எனவே எல்லாக் கருவிகளின் கடிகாரத்தையும் ஒரே கைப்பேசியோடு சரிபாருங்கள். பிறகு எல்லா உள்வாயில்களையும் ஒன்றாகக் கட்டி, அருகில் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அணையுங்கள். ஒவ்வொரு கருவியும் எத்தனை வினாடி கழித்துத் துள்ளுகிறது என்பதே அதன் தாமதம்.

உள்வாயிலைத் தலைக்கு மேலே, சுமார் 3 மீட்டர் உயரத்தில் வையுங்கள். மனிதர் எல்லோரும் காற்று போகும் பக்கமே இருக்க வேண்டும். ஒரு முறை வரைபடம் முழுக்க 20, 30 பிபிஎம் உயர்வுகள் வந்துகொண்டே இருந்தன, விமானமே இல்லாத நேரத்திலும். அரை மணி நேரம் எல்லா இணைப்புகளையும் கழற்றிப் பார்த்தோம். காரணம், உள்வாயிலுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்த மாணவரின் மூச்சு. வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு 40,000 பிபிஎம் இருக்கிறது. அதில் மிகச் சிறு துளி போதும், விமானப் புகை முழுவதையும் மறைத்துவிடும்.

7. சத்தத்தைப் பார்க்காதீர்கள், புகைக்குக் காத்திருங்கள்

விமானம் தலைக்கு மேல் வரும் கணத்தில் எல்லோரும் திரையைப் பார்ப்பார்கள். ஒன்றும் நடக்காது. ஒரு மாணவி "அக்கா, கருவி வேலை செய்யவில்லை" என்றாள். மணிப்பொறியைப் பார்க்கச் சொன்னேன். 70 வினாடி கழிந்தது. கன செண்டிமீட்டருக்கு 9,000 என்றிருந்த துகள் எண்ணிக்கை 20,000 ஆகி, 45,000 தாண்டி, 60,000 வரை போய், ஒரு நிமிடத்தில் மீண்டும் இறங்கியது. அதற்குள் விமானம் ஓடுபாதையில் உருண்டு முடித்திருந்தது.

காரணம் எளிது. புகை 300 மீட்டர் தொலைவில் வெளிவந்து, காற்று வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வீசினால், வந்து சேர 75 வினாடி ஆகும். தலைக்கு மேலே போகும் விமானத்தின் புகையும் இறக்கை முனைச் சுழல்களோடு மெல்லக் கீழிறங்கித்தான் தரையைத் தொடும். எனவே ஒவ்வொரு துள்ளலுக்கும் தொலைவு, காற்றின் வேகம் இரண்டையும் வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டு, எந்த விமானம் என்று பொருத்துங்கள். இரண்டு விமானங்களின் புகை கலந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் அந்தத் துள்ளலைத் தயங்காமல் விலக்குங்கள். நாள் முழுக்க நின்று சுத்தமான 15 துள்ளல்கள் கிடைத்தால் அது நல்ல நாள்.

8. உமிழ்வு எண்ணைக் கணக்கிடுங்கள்

துள்ளலின் உச்சியை எடுக்காதீர்கள். வேகமான கருவியின் உச்சி உயரமாகவும் மெதுவான கருவியின் உச்சி தாழ்ந்தும் இருக்கும், விகிதம் தப்பாகிவிடும். துள்ளலுக்கு முன்னும் பின்னும் உள்ள பின்னணி அளவைக் கழித்து, வளைகோட்டின் கீழுள்ள பரப்பைக் கூட்டுங்கள். பரப்பு எந்தக் கருவியிலும் ஒன்றுதான்.

60 வினாடியில் கரியமில வாயுவின் பரப்பு 300, நைட்ரஜன் ஆக்சைடுகளின் பரப்பு 0.9 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் பிபிஎம்-வினாடியில் இருக்க வேண்டும். விகிதம் 0.003. அதை 46/44 ஆலும், பிறகு 3160 ஆலும் பெருக்கினால் ஒரு கிலோ எரிபொருளுக்கு 9.9 கிராம். இறங்கும் விமானத்துக்கு 3ஆம் பகுதியில் எதிர்பார்த்த 11-க்கு அருகில் இருக்கிறது, நம்பலாம்.

46 என்பது நைட்ரஜன் டை ஆக்சைடின் மூலக்கூறு எடை, 44 கரியமில வாயுவினுடையது. வந்தது நைட்ரிக் ஆக்சைடாக இருந்தாலும் உலக வழக்கப்படி டை ஆக்சைடின் எடையாகவே எழுத வேண்டும். 30 என்று போட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைவான எண்ணோடு வந்து நிற்பார்கள்.

துகளுக்கும் இதே வழிதான். 30 டிகிரி வெப்பத்தில் 1 பிபிஎம் கரியமில வாயு என்பது கனமீட்டருக்கு 1.77 மில்லிகிராம். சராசரி உயர்வு 5 பிபிஎம், துகள் உயர்வு கன செண்டிமீட்டருக்கு 50,000 என்றால், ஒரு கிலோ எரிபொருளுக்கு ஏறக்குறைய 18,000 லட்சம் கோடி துகள்கள் வரும்.

இதைத் தரவுத்தளத்தின் துகள் எண்ணோடு நேராக ஒப்பிடக் கூடாது. சோதனை மேடையில் மாதிரியை 350 டிகிரிக்குச் சூடாக்கி, ஆவியாகக் கூடியவற்றை நீக்கிவிட்டுத் திடமான கரியை மட்டும் எண்ணுகிறார்கள். கரையில் நீங்கள் எண்ணுவதில் கந்தக அமிலமும் எண்ணெய் ஆவியும் குளிர்ந்து புதிதாகத் தோன்றிய துகள்களும் உண்டு. உங்கள் எண் பல மடங்கு கூடுதலாக இருப்பது பிழையன்று.

சுவாசிப்பவரின் பக்கமிருந்து பார்க்க வேண்டுமானால், மணிநேரச் சராசரியை எடுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி ஒரு மணி நேரச் சராசரி கன செண்டிமீட்டருக்கு 20,000-ஐத் தாண்டினால் அது உயர்ந்த அளவு. 60,000 வரை போன ஒரு நிமிடத்தை மட்டும் காட்டிப் பயமுறுத்துவது நேர்மையன்று. அதேபோல் நாள் சராசரிக்குள் அதைப் புதைத்து விடுவதும் நேர்மையன்று. இரண்டையும் எழுதுங்கள்.

9. உயரத்தில் நடப்பதைத் தனியாகக் கணக்கிடுங்கள்

கரையில் பார்த்த நைட்ரஜன் ஆக்சைடு சில மணி நேரங்களில் கரைந்து போகும். அதே வாயு பறக்கும் உயரத்தில் வெளிவந்தால் ஓசோனைப் பெருக்குகிறது, மீத்தேனைக் குறைக்கிறது. ஒன்று வெப்பப்படுத்தும், மற்றது குளிர்விக்கும். கரித்துகளோ அங்கே பனிப்படிகத்துக்குக் கருவாகி, விமானத்தின் பின்னே வானில் நீளும் வெண்தடமாக விரிகிறது. அதனால்தான் தரை எண்ணை மேலே தூக்கிப் போடக் கூடாது என்றேன்.

வெண்தடம் தோன்றுமா என்பதற்கு உயரத்தின் வெப்பநிலையும் ஈரமும் வேண்டும். சிங்கப்பூரில் நாள்தோறும் காலையும் இரவும் பறக்கவிடும் வானிலை பலூனின் தரவு பொதுவில் கிடைக்கிறது. பாடநூலில் உள்ள நியம வளிமண்டல அட்டவணையைப் பயன்படுத்தாதீர்கள். அதில் 11 கிலோமீட்டர் உயரத்தில் −56.5 டிகிரி என்றிருக்கும். நம் தலைக்கு மேல் அந்த உயரத்தில் சுமார் −41 டிகிரிதான். வெப்பமண்டலக் காற்று மேலே வரை சூடாக இருப்பதே காரணம். அட்டவணையை நம்பினால் வெண்தடமே தோன்றாத நாளிலும் தோன்றும் என்று கணக்கு சொல்லும்.

அடுத்த தவறு ஈரப்பதத்தில். பலூன் தருவது நீரைப் பொறுத்த ஈரப்பதம். வெண்தடம் நீடிக்கப் பனியைப் பொறுத்த ஈரப்பதம் 100 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். −50 டிகிரியில் நீரைப் பொறுத்து 62 விழுக்காடு இருந்தாலே பனியைப் பொறுத்து அது 100. மாற்றாமல் படித்தால் ஈரமான அடுக்கை வறண்டது என்று எழுதிவிடுவீர்கள்.

2018 வரையிலான விமானப் போக்குவரத்தை ஆராய்ந்த உலகளாவிய மதிப்பீட்டில், அதன் வெப்பப்படுத்தும் விளைவில் மூன்றில் இரண்டு பங்கு கரியமில வாயு அல்லாதவற்றால் வந்தது. அவற்றுள் பெரியது வெண்தடங்களிலிருந்து விரியும் மேகம், நிச்சயமின்மையும் அதில்தான் அதிகம். வெண்தடம் சில மணி நேரம் இருக்கும், கரியமில வாயு பல நூற்றாண்டுகள். இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டினால், 20 ஆண்டுக் கணக்கா 100 ஆண்டுக் கணக்கா என்று பக்கத்திலேயே எழுதுங்கள். காலத்தை மாற்றினால் விடையும் மாறிவிடும்.

10. பதிவு செய்து வையுங்கள்

ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு வரி: நேரம், பதிவெண், இன்ஜின், கட்டம், காற்றின் திசையும் வேகமும், மூன்று பரப்புகள், எடுத்த பின்னணி அளவு. விலக்கிய துள்ளல்களையும் காரணத்தோடு அதே தாளில் வையுங்கள். திருத்தாத மூலக் கோப்புகளைத் தனியாகப் பூட்டி வையுங்கள். அன்றைய காலை 8 மணி பலூன் தரவையும் அவற்றோடு அன்றே இறக்கிச் சேர்த்துவிடுங்கள்.